இல்லையா, வரலையா

முதலில் நறுக்கென்று ஒரு சத்தம். பின்னாலேயே, நூல் தாள்களுக்குள் இழுபடும் நீண்ட சர்ர்ர். மறுபடி நறுக்.

நம்பிராஜன் திரும்பவில்லை. திரும்பாமலே தெரியும், பின்மேசையில் சீனியர் உலகம்மாள் வழக்குக் கட்டைத் தைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வேலையை அவர் குமாஸ்தாவிடம் விடுவதில்லை. கோணூசி கையில் இருந்தால்தான் புத்தி ஓடும் என்பார்.

வழக்கறிஞர் சங்கத்து நூலகத்தில் அந்த முற்பகல் வேறு யாரும் இல்லை. நம்பிராஜன் கணினித் திரையை முறைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் நடத்துநராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கி, சட்டம் படித்து, ஐம்பதைத் தாண்டிக் கறுப்புக் கோட்டு மாட்டியவர். சீனியருக்கு அவரைவிட வயது குறைவு. ஜூனியராகச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மதிய இடைவேளை முடிந்ததும் வழக்கு. செண்பகவடிவு என்ற பெண்ணின் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகும் வாய்க்காலைப் பக்கத்து நிலத்துக்காரர் மண் போட்டு மூடிவிட்டார். அரசாங்கத்து நில அளவைப் படமான புலப்படத்தில் அப்படி ஒரு வாய்க்காலே வரையவில்லை, அதனால் உரிமையும் இல்லை என்பது அவர் வாதம். விசாரணை முடிய வருஷக்கணக்காகும். கொடி அதுவரை நிற்காது. இப்போதே தண்ணீர் விட உத்தரவு வாங்க வேண்டுமென்றால், இப்படி முன்பு உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்று ஒரு தாளையாவது நீட்ட வேண்டும்.

"மேடம், அப்படித் தீர்ப்பு இல்லை."

ஊசி நின்றது.

"இல்லையா, வரலையா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"என்னன்னு போட்டுத் தேடுனிய, அண்ணாச்சி?"

நம்பிராஜன் திரையில் இருந்ததை வாசித்தார். "பக்கத்து நிலத்துக்காரர் வாய்க்காலை மூடினால் தண்ணீர் கிடைக்குமா?"

"ஜோசியம் கேட்டிருக்கிய. சரி, எதுல கேட்டிய?"

"இந்த நூலக அட்டவணையிலதான்."

"அதுக்கு அட்டையில உள்ளதுதான் தெரியும். புத்தகத்துப் பேரு, எழுதினவரு, எதைப் பத்தினது, எந்த அலமாரி. வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா, பாவம், அது என்ன செய்யும்?"

"அப்போ உள்ள இருக்கறதுக்கு?"

"கட்டுரைக்குத் தனித் தளம் இருக்கு. தீர்ப்புக்குத் தனித் தளம் இருக்கு. நீங்க திருச்செந்தூர் பஸ்ல ஏறி உக்காந்துகிட்டு தென்காசிக்கு டிக்கெட் கேக்குதிய."

நம்பிராஜனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. தீர்ப்புகளின் தளத்தைத் திறந்தார். வாய்க்கால் என்பதை, தான் எழுதுகிற வழக்கப்படி ஆங்கில எழுத்தில் அடித்தார். ஏதேதோ வந்தது, வேண்டியது வரவில்லை. வெறுமனே தண்ணீர் என்று அடித்தார். ஆயிரக்கணக்கில் கொட்டியது. குடிநீர்க் குழாய், சாக்கடை வரி, தண்ணீர் லாரி மோதிய விபத்து.

"இல்லை மேடம்."

உலகம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நம்ம கட்சிக்காரம்மா வெளிய வராந்தாவுல இருப்பாவ. கூட்டிட்டு வாங்க."

நம்பிராஜன் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. வழக்குக் கட்டில் பேரைப் படித்ததோடு சரி. கதவருகே நின்று, பழைய தொழிலின் குரலை எடுத்தார்.

"செண்பகவடிவு! செண்பகவடிவும்மா!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கோடிவரை நடந்து போய் அங்கேயும் ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஆள் இல்லை மேடம்."

உலகம்மாள் ஊசியைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்தார். வாசலைத் தாண்டவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"குட்டியக்கா!"

நம்பிராஜன் நின்று கத்திய இடத்துக்கு அடுத்த தூணில் சாய்ந்திருந்த பெண் எழுந்தாள். "இங்கனதான் இருக்கேன் தாயி."

"இந்தச் சார் கூப்பிட்டாவளே, காதுல விழலையா?"

"விழுந்துச்சே. யாரோ செண்பகவடிவைத் தேடுதாவன்னு இருந்தேன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அட, அது நாந்தான்! ரேஷன் கார்டுல அப்படித்தான் போட்டிருக்கு. யாரு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, இத்தனை வயசுல?"

பிறகு சிரிப்பு நின்றது.

"தண்ணி விட்டுருவாவளா தாயி? கொடி தலையைத் தொங்கப் போட்டுட்டு. இன்னிக்கும் நாளைக்கும் தாங்கும். அதுக்கு மேல குடத்துல சுமந்து ஊத்தி மாளாது."

உலகம்மாள் நம்பிராஜனைப் பார்த்தார். அவர் அதற்குள் நாற்காலிக்குப் போயிருந்தார்.

"மேடம், இந்த வாய்க்காலுக்குச் சட்டக்காரங்க வீட்டுல என்ன பேரு?"

"இப்பக் கேட்டிய. ஈஸ்மென்ட். அடுத்தவரு நிலத்து வழியா வர்ற பாத்தியதை. முதல்ல கட்டுரையில தேடுங்க. ஒருத்தர் உக்காந்து எல்லாத்தையும் படிச்சு வச்சிருப்பாரு. அவரு அடிக்குறிப்பைப் பாருங்க."

கட்டுரை கிடைத்தது. அடிக்குறிப்பில் ஒரு பழைய தீர்ப்பின் இரண்டு வரி. அதில் வாய்க்கால் என்ற சொல் ஆங்கிலத்தில் வி, ஓ, ஐ என்று தொடங்கியது.

"'வோய்க்கல்'னு எழுதியிருக்கு மேடம்!"

"எழுதினவரு காதுல அப்படி விழுந்திருக்கு. இன்னொருத்தர் காதுல எப்படி விழுந்துச்சோ?"

நம்பிராஜன் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதத்தையும் அடித்தார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 'அல்லது' என்பதற்கான சொல். கடைசியில் 'மற்றும்' என்று போட்டுப் புலப்படத்தைச் சேர்த்தார். பொத்தானை அழுத்தினார்.

திரை கொள்ளுமளவுக்குத் தீர்ப்புகள் வந்தன. முதலாவதே அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது.

"கேளுங்க மேடம். 'வரைபடம் தண்ணீரைப் பார்த்து வரையப்பட்டது. தண்ணீர் வரைபடத்தைப் பார்த்து ஓடுவதில்லை.' இதைவிட என்ன வேணும்?"

"உசிரோட இருக்கா?"

"என்னது மேடம்?"

"அதுக்குப் பிறகு வந்தவங்க அதைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னு பாருங்க."

பக்கவாட்டில் ஓர் இணைப்பு இருந்தது. மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்திருந்தார்கள். நம்பிராஜனின் முகம் வாடியது.

"இவ்வளவு அழகா எழுதியிருக்காரே."

"செத்தவங்களைக் கூண்டுல ஏத்த முடியாது அண்ணாச்சி. அடுத்ததைப் பாருங்க."

நாலாவது தீர்ப்பு சப்பென்று இருந்தது. படத்தில் காணப்படவில்லை என்ற ஒன்று மட்டுமே காரணமாகாது. நெடுநாள் பயன்பாடு மேலோட்டமாகத் தெரியவந்தால் விசாரணை முடியும்வரை நீரைத் தடுக்கக் கூடாது. அவ்வளவுதான். பின்னால் வந்த யாரும் அதில் கை வைக்கவில்லை. அச்செடுத்தார்.

மதியம், எதிர்த்தரப்பு வக்கீல் புலப்படத்தை மேசைமேல் விரித்தார். விரலால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தடவிக் காட்டினார். "இல்லை. எங்குமே இல்லை," என்றார். உலகம்மாள் ஒரு தாளை நீட்டினார். நீதிபதி படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை படித்தார். நாளை பொழுது சாய்வதற்குள் மண்ணை அள்ளி, தண்ணீரைத் திறக்க வேண்டும் என்று உத்தரவானது.

குட்டியக்கா நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

இருவரும் நூலகத்துக்குத் திரும்பினார்கள். கணினி அணையாமல் இருந்தது. பாதி தைத்த கட்டு அப்படியே கிடந்தது. நம்பிராஜன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். உட்காராமல் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"எல்லாப் பேரையும் போட்டாச்சு. எல்லாத் தளத்துலயும் பார்த்தாச்சு. அப்பவும் வரலை. இல்லைன்னு எப்ப மேடம் சொல்லலாம்?"

உலகம்மாள் கோணூசியின் காதில் நூலைக் கோத்தார்.

"மத்தியானம் ஒருத்தர் எங்குமே இல்லைன்னு அடிச்சுச் சொன்னாரே அண்ணாச்சி. அவர்கிட்டக் கேளுங்க."

நம்பிராஜன் கட்டின் மறுமுனையைத் தட்டிச் சமமாக்கிப் பிடித்துக்கொண்டார். ஊசி தாளில் இறங்கியது.