கறி வாளி

அசனப் பண்டிகையன்று காலையில், வேலையை விட்டு நிற்பதாக எழுதிய கடிதத்தோடு சபையின் உபதேசியார் தவசிகனி, போதகரம்மாவைத் தேடி வந்தார்.

வருஷத்துக்கு ஒரு நாள் சபையார் எல்லாரும் கோயில் வளாகத்தில் தரையில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவதுதான் அசனம். போதகர் எமிமாள் அண்டாவின் பக்கத்தில் நின்றிருந்தார். உப்பு கூடிப்போனதோ என்று குழம்பை உள்ளங்கையில் விட்டு நாலாவது தடவையாக நக்கிப் பார்த்தார். உபதேசியாரைவிட அவருக்கு ஆறு வயது குறைவு. ஆனாலும் தவசிகனி வேதம் படித்தது அவரிடம்தான்.

"அம்மா, ஒரு கேள்வி. பதில் கிடைச்சா இருக்கேன். இல்லாட்டி இந்தக் கடிதத்தை வாங்கிக்கிடுங்க."

"கேளுங்க."

"இயேசு சாமி ஆரம்பிச்சது இதுதானா?"

"எது?"

உபதேசியார் கை காட்டினார். வாசலில் நன்கொடையாளர்களின் படம் போட்ட பிளெக்ஸ். ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. பாடகர் குழுவில் முன்வரிசை யாருக்கு என்று சண்டை போட்ட இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் அரிந்தார்கள்.

"ஊரே தள்ளிவச்சவங்களோட அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். நம்ம பந்தியைப் பாருங்க. வேண்டியவன் இலைக்குக் கறி. வேண்டாதவன் இலைக்கு எலும்பு."

"உண்மைதான்."

"ஊரை ஏன் சொல்லணும்? கிணத்துக்காக என் அண்ணன் என்மேல கேஸ் போட்டார். கோர்ட்டுல ரெண்டு பேரும் சாமி பேர்ல சத்தியம் பண்ணினோம். ஆறு வருஷமாப் பேச்சில்ல. அவர் கோயில் பக்கமே வர்றதில்ல. நான் வாராவாரம் பிரசங்கம் பண்றேன். இதுல சாமி எங்க இருக்கார்?"

எமிமாள் ஒரு வாளி நிறையக் கறி மொண்டார். அதை அவர் கையில் கொடுத்தார்.

"இந்தச் சபையில ஒரு பழைய வழக்கம் உண்டு. ரொம்பப் பேர் விட்டுட்டாங்க. பரிமாறுறவர் இலையை மட்டும்தான் பார்க்கணும். முகத்தைப் பார்க்கக் கூடாது. இலைக்கு ரெண்டு துண்டு. இன்னைக்கு நீங்க அப்படிப் போடுங்க."

"கடிதம்?"

"என் கையெல்லாம் குழம்பு. பந்தி முடியட்டும்."

உபதேசியார் குனிந்தபடியே போனார். தங்க மோதிரம் போட்ட கை வந்தது. சுண்ணாம்பில் வெடித்த கை வந்தது. அதன் பக்கத்தில் சோற்றைச் சிந்துகிற ஒரு குழந்தையின் கை. யார் பக்கத்தில் யார் என்று பார்த்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. இலைக்கு இரண்டு துண்டு போட்டுக்கொண்டே நகர்ந்தார்.

ஓர் இலையோரத்தில் இருந்த கையில் ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. கிணற்று மோட்டார் பெல்ட்டில் போன நுனி. அன்று அந்தக் கையைத் துண்டால் கட்டி, சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தது தவசிகனிதான்.

கரண்டி வாளிக்குள்ளேயே நின்றது.

"என்ன உபதேசியாரே, செத்த ஆட்டுக்கு ஜெபம் பண்ணுறீரா? பசிக்குது வே!" என்றது அடுத்த இலை.

அவர் நிமிரவில்லை. இரண்டு துண்டு போட்டார். குழம்பு கொஞ்சம் தரையில் சிந்தியது.

விரல் நுனி இல்லாத அந்தக் கை, போதும் என்று காட்டவில்லை.

"குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துலே."

ஆறு வருஷத்தில் அண்ணன் பேசிய முதல் வார்த்தை அது. தவசிகனி ஊற்றினார். அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

பந்தி முடிந்தது. எமிமாள் கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு நீட்டினார்.

"இப்பக் கை சுத்தம். கொடுங்க."

தவசிகனி சட்டைப்பையைத் தொட்டார். கடிதத்தை எடுக்கவில்லை.

"அம்மா, அண்ணனை நீங்கதான் கூப்பிட்டீங்களா?"

"இல்ல."

"வருவார்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் என்கிட்ட வாளியைக் கொடுத்தீங்க?"

எமிமாள் காலி வாளியை வாங்கி, அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டினார்.

"போன வருஷம் இது என் கையில இருந்தது. எனக்கும் பேச்சில்லாத ஒருத்தர் வந்து உட்கார்ந்தார்."