கட்டையனின் கத்தரி

அந்தக் காலத்தில், அதாவது பருத்திக்குப் பூச்சிப் பொடி வந்த புதிதில், மண்ணுக்குள் இருக்கும் கிருமிகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை.

கரிசல்காட்டில் பேச்சித்தாய் என்று ஒருத்தி தன் சின்ன மகள் உலகுவோடு தனியாகக் குடியிருந்தாள். பருத்திக்குத் தூவியது போக அரை மூட்டைப் பொடி மிஞ்சியது. பிள்ளை எடுத்து வாயில் போட்டுவிடக் கூடாதே என்று கிணற்றடியில் குழி தோண்டிப் புதைத்தாள். பொடி விற்றவன் பூச்சி சாகும் என்றான். வேறு எதையும் அவன் சொல்லவில்லை. மழை பெய்து, குழியில் இருந்தது கிணற்றுக்கு இறங்கியது.

கோடையில் தவளைகள் செத்து மிதந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஓடிப்போய்க் குழியைத் தோண்டினாள். வெறும் சாக்குதான் இருந்தது. குடிக்க அந்த வட்டாரத்தில் வேறு தண்ணீரும் கிடையாது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா? எம்புள்ள இந்தத் தண்ணியத்தான் குடிக்கா," என்று மண்ணைப் பார்த்துக் கதறினாள்.

"இருக்கேன் தாயி," என்றான் ஒரு கிருமி. ஆள் கட்டையாக இருந்ததால் அவனுக்குக் கட்டையன் என்று பெயர். அந்தப் பொடியின் கொடுமையெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் குளோரினில்தான். அதை வெட்டி எடுக்கும் கத்தரி ஒன்று கட்டையனின் உடம்புக்குள் இருந்தது. படித்தவர்கள் அந்தக் கத்தரியை நொதி என்பார்கள், அதைச் செய்யும் பக்குவத்தை மரபணு என்பார்கள். கட்டையன் விஷத்தை வெட்டித் தின்று கொழுத்திருந்தான். பக்குவம் தெரியாத மற்ற கிருமிகள் சுற்றிலும் செத்துக்கொண்டிருந்தன.

"நீ ஒருத்தன் தின்னு எப்ப முடியும்? மத்தவுகளுக்கும் அந்தப் பக்குவத்தக் குடு சாமி."

"அதெப்படி? எங்க வகையறாவத் தாண்டி ஒருத்தனுக்கும் குடுத்ததில்ல. எங்க புள்ளைக பெருகட்டும், மெதுவா முடிச்சிருவோம்."

"அதுவரைக்கும் எம்புள்ள தாங்குமா?"

கட்டையன் மறுபடி தன் தீனியைப் பார்க்கப் போய்விட்டான்.

உலகுவுக்கு வலிப்பு வந்தது. ஆடி பிறக்கும்முன் போய்ச் சேர்ந்தாள். சின்னப் பிள்ளைகளை எரிக்கிற வழக்கம் அங்கே இல்லை. கிணற்றுக்கு மேற்கே புதைத்தார்கள்.

மண்ணுக்கு வருகிறவர்களை வாங்கிக்கொள்வது கிருமிகளின் வேலை. கட்டையனும் போய் வாய் வைத்தான். குழந்தையின் கொழுப்பில் அதே பொடி இருந்தது. பழகிய ருசி. கத்தரி தானாக வெட்டத் தொடங்கியது. அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

பக்கத்தில் வேறு வகையறாக் கிருமி ஒன்று சாகக் கிடந்தது. கட்டையன் தன் உடம்பிலிருந்து ஒரு நூலை நீட்டி அதைத் தொட்டான். பக்குவத்தை அப்படியே அதற்குள் இறக்கினான்.

"நான் உங்க ஆளு இல்லையே?" என்றது அது.

"கேக்காத. வாங்கு. வாங்கிட்டு அடுத்தவனுக்குக் குடு."

மண்ணுக்குள் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். கிணறு மெல்ல மெல்லத் தெளிந்தது, புதுத் தவளைகளும் வந்தன. அதற்குள் பேச்சித்தாய் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள்.

அன்று முதல்தான், விஷம் விழுந்த இடங்களில் கிருமிகள் யார் எவர் என்று கேட்காமல் நூலை நீட்டி அந்தப் பக்குவத்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கின்றன. இன்னொரு பிள்ளை மண்ணுக்கு வரும்முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவற்றுக்கு.