மருத மரத்தில் புதுப் பொந்துகள்

“நேத்து வரைக்கும் கழற்சிக்காய் வேர் மேலேயே கிடந்துது. கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன். இன்னிக்குக் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தேடறேன், காணோம். யாரைக் கேட்டு மாத்தினாங்க?”

குரங்கு வீராச்சாமி விடிந்ததிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தான். மைனா வந்தால் மைனாவிடம். மயில் வந்தால் மயிலிடம். ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல். கேட்க ஆள் இல்லாதபோது குளத்தில் தெரிந்த தன் முகத்திடமும் ஒரு தடவை சொல்லிவிட்டு வந்தான்.

“காய் உன் தலைக்கு மேலே ரெண்டாவது வரிசையில இருக்கு,” என்றாள் மரங்கொத்தி கனகவல்லி. “ஒரு எட்டு ஏறினா எடுத்துக்கலாம்.”

“நான் எதுக்கு ஏறணும்? நேத்து வரைக்கும் கழற்சிக்காய் வேர் மேலேயே...”

“கேட்டாச்சுப்பா, கேட்டாச்சு.”

அந்தக் காட்டுக் குளத்தங்கரையில் ஒரு சரிவுப் பாறை உண்டு. மேலிருந்து கழற்சிக்காயை உருட்டிவிட வேண்டும். கீழே இருக்கும் குழியில் விழுந்தால் ஜெயம். ஆட்டம் அவ்வளவுதான். அவ்வளவோடு விட்டிருந்தால் சீக்கிரமே எல்லாருக்கும் கொட்டாவி வந்திருக்கும். விடவில்லை. தூக்கணாங்குருவி ஒன்று புல்லில் குகை பின்னி வந்து பாதையில் வைத்தது. அணில் கொறிமுத்து, முள்ளம்பன்றி உதிர்த்த முட்களைப் பொறுக்கி வேலி நட்டான். ஆமை அம்மாசி குளத்தடிக் களிமண்ணை எடுத்து, வயிற்றால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று வளைத்து, வெயிலில் காயவைத்து ஒரு சுழி செய்தார். அதற்குள் போகும் காய், வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டது போல ஒரு சுற்று சுற்றி, வந்த வழியே திரும்பி ஓடும். உருட்டினவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இப்படிச் செய்து சேர்ப்பதற்கெல்லாம் ‘ஒட்டு’ என்று பெயர். யார் வேண்டுமானாலும் ஒட்டு செய்யலாம். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். ஆடி முடித்ததும் கரையிலிருக்கும் மருத மரத்தடியில் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

போட்டார்கள். போட்டுக்கொண்டே இருந்தார்கள். குவியலின் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மேலே கிடப்பதை எடுப்பார்கள், மேலேயே போடுவார்கள். மழை வந்தால் பாதி ஊறிப்போகும்.

கனகவல்லி அந்த மரத்தில் குடியிருந்தாள். பார்த்துக்கொள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் கண்ணெதிரே அலங்கோலம் கிடந்தால் சாப்பாடு இறங்காத ரகம் அவள். மழைக்காலம் முடிந்த கையோடு வேலையை ஆரம்பித்தாள். மரத்தண்டில் கீழிருந்து மேலாக, வரிசை வரிசையாக, டொக்கு டொக்கென்று பொந்து குடைந்தாள். காய்களுக்கு ஒரு வரிசை. வேலிகளுக்கு ஒரு வரிசை. குகைகளுக்கு ஒன்று. ஒவ்வொரு வரிசைக்கும் பிசினில் பழச்சாறு குழைத்து ஒரு நிறம். எல்லா ஒட்டிலும் சிறந்தது எதுவோ அதற்குத்தான் உச்சி வரிசை. அங்கே அம்மாசியின் சுழிகளை வைத்தாள். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை.

முடித்துவிட்டுக் கணவன் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

பொன்னுரங்கம் கசக்கிற எறும்பையும் நல்லாத்தான் இருக்கு என்று விழுங்குகிறவன். அது அவளுக்கும் தெரியும். அதனால் தன் தங்கையையும் அழைத்துவந்து காட்டினாள். அவளும் மரங்கொத்திதான். தண்டில் சரசரவென்று ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, “அடடா, எவ்வளவு வசதி,” என்றாள். கனகவல்லிக்கு அது போதும். பழைய குவியலை ஒரேயடியாகக் காலி செய்து, மரத்தடியைத் துடைத்து வைத்தது போல ஆக்கிவிட்டாள்.

வீட்டில் அஞ்சறைப்பெட்டியை ஒரு சாண் தள்ளி வைத்தாலே குடும்பம் குய்யோ முறையோ என்று கத்தும். இது ஒரு காடு. கேட்கவா வேண்டும்?

மயில் சிங்காரம் தோகையைச் சுருட்டிக்கொண்டு வந்தான். “அந்தச் சிவப்பு என் கண்ணை உறுத்துது. நீலம் போட்டிருக்கலாம். நீலம் யாருக்கும் கெடுதல் பண்ணாது.”

“உன் உடம்பு நீலமா இருக்குங்கிறதுக்காக மரத்தையும் நீலமாக்கணுமா?”

“நான் பொதுவாச் சொன்னேன்.”

கொறிமுத்து, தானே போன வருஷம் செய்து தொலைத்த ஒரு வேலியை ஒரு பொந்தில் கண்டெடுத்தான். குவியலின் அடியில் கிடந்து மக்கிப்போக இருந்தது அது. எடுத்து மோந்து பார்த்தான், மகிழ்ந்தான், மடியில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: “பொந்து விளிம்பு கையைக் கீறுதுக்கா.”

மைனா ரஞ்சிதம் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டாள். “இந்த மரத்துப் பக்கமே இனிமே வரமாட்டேன். இதுதான் கடைசி. நான் கிளம்பறேன்.” சொல்லிவிட்டு அடுத்த கிளைக்குப் போய் உட்கார்ந்தாள். தான் போனதற்கு யார் யார் வருத்தப்படுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? யாரும் வருத்தப்படவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து மறுபடியும் கிளம்பினாள்.

இத்தனைக்கும் வீராச்சாமியும் ரஞ்சிதமும் பிறந்ததிலிருந்து ஒரு ஒட்டுகூடச் செய்தவர்கள் இல்லை. ஒரு புல்லை வளைத்ததில்லை. குரல் மட்டும் அவர்களுடையதுதான் பெரிசு.

“இந்த மரத்தை வேற யார்கிட்டயாவது குடுக்கணும்,” என்றான் வீராச்சாமி.

“உன்கிட்டயா?” என்றாள் கனகவல்லி.

“எனக்கு ஏது நேரம்?”

அன்று பூராவும் வேரடியில் ஒரே மிதி, ஒரே கூச்சல். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கனகவல்லி இறங்கிப் பார்த்தாள். துடைத்து வைத்திருந்த இடத்தில் யாரோ மண்கட்டியைப் போட்டு உடைத்துவைத்திருந்தார்கள். “ஒரு நாள் சுத்தமா வெச்சுக்கத் துப்பில்லை,” என்று முணுமுணுத்துக்கொண்டே சிறகால் கூட்டிக் குளத்தில் தள்ளினாள்.

ஆனால் அவள் வீம்புக்காரி அல்ல. சொன்ன குறைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளிம்புகளைக் கொத்தி மழுக்கினாள். சிவப்பை மங்கலாக்கினாள். வீராச்சாமிக்காகக் காய் வரிசையை ஒரு மட்டம் கீழே கொண்டுவந்தாள். மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. வீராச்சாமி கண்ணை மூடிக்கொண்டே பொந்துக்குள் கையை விட்டுக் காயை எடுக்கலானான். ரஞ்சிதம் தன் உறவுக்கார மைனாக்களுக்கு வரிசைகளை விளக்கிக்கொண்டிருந்தாள், ஏதோ அவளே குடைந்தது போல.

“பார்த்தியா?” என்றாள் கனகவல்லி கணவனிடம். “எல்லாரும் பழகிட்டாங்க.”

“நல்லாத்தான் இருக்கு,” என்றான் பொன்னுரங்கம்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஆட்டத்தில் மட்டும் சிரிப்பு குறைந்துகொண்டே போனது. களிமண் சுழி கருங்கல் இல்லையே. பத்துப் பேர் ஆடினால் விரிசல் விடும், பனியில் நனைந்தால் உதிரும். உச்சி வரிசையில் இருந்த சுழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. கடைசிச் சுழியும் போயிற்று. அதற்குப் பிறகு காய் நேராக வந்தது, நேராகப் போனது, நேராகக் குழியில் விழுந்தது. மயில் சிங்காரம் தன் முறை வருவதற்குள் தூங்கிப்போனான். பாறைக்கு வருகிறவர்கள் கூட்டம் பாதியாயிற்று, பிறகு அதிலும் பாதியாயிற்று.

“சுழி எங்கேக்கா?” என்று கேட்டான் கொறிமுத்து. “அது இல்லாம இது என்ன ஆட்டம்? இப்படியே போனா நானும் வரமாட்டேன். நிஜமாத்தான் சொல்றேன், ரஞ்சிதம் மாதிரி இல்லை.”

கனகவல்லிக்கு அப்போதுதான் சுரீரென்றது. அம்மாசியைப் பார்த்து எத்தனை நாளாகிறது?

நேரே குளத்தங்கரைக்குப் பறந்தாள். அங்கே தவளை செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். செங்கமலம் ஆடுவதில்லை. கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள், அவ்வளவுதான். ஆகவே அவள் கண்ணில் படாதது அங்கே எதுவும் இல்லை.

“அம்மாசி அண்ணனைப் பார்த்தியா?”

“பார்த்தேனே.”

“எப்போ?”

“நீ புதுப் பொந்து திறந்தியே, அன்னிக்கு. புதுசா ஒரு சுழி செஞ்சு முதுகில வெச்சு எடுத்துக்கிட்டு வந்தாரு. மரத்தடியில நின்னாரு. கழுத்தை நீட்ட முடிஞ்ச மட்டும் நீட்டிப் பார்த்தாரு. அப்புறம் வேர் மேலேயே இறக்கி வெச்சாரு. வீராச்சாமி அது மேலதான் குதிச்சான், யாரைக் கேட்டு மாத்தினாங்கன்னு.”

கனகவல்லியின் கொண்டை தணிந்தது. “அப்புறம்?”

“அப்புறம் நீ வந்து கூட்டித் தள்ளினே.”

“அவரு அங்கேயா இருந்தாரு?”

“பக்கத்துலதான். கழுத்தை உள்ளே இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. நீ கல்லுன்னு நினைச்சு அவரைச் சுத்திக் கூட்டினே.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவரு.”

“வீராச்சாமி குதிச்சப்பவே வாயைத் திறந்தாருதான். ரஞ்சிதம் அப்போ மறுபடியும் கிளம்பிக்கிட்டு இருந்தா. மூடிட்டாரு.”

“அவரோட சுழியைத்தான் உச்சியில வெச்சேன், செங்கமலம். எல்லாத்துக்கும் மேலே. மரியாதைக்கு.”

“வெச்சே. அவருக்குத் தெரிஞ்சிருந்தாச் சந்தோஷப்பட்டிருப்பாரு.”

கனகவல்லி திரும்பிப் பறந்தாள். மரத்தடிக்குப் போய்த் தரையில் இறங்கினாள். மரங்கொத்திக்கு மரத்தண்டுதான் தரை, நிஜத் தரையில் நடக்க வராது. தத்தித் தடுமாறி வேரடிக்கு வந்தாள். ஆமை போல வயிறு மண்ணில் பட உட்கார்ந்தாள். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

பொந்து ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மருத மரத்தின் அடித்தண்டு பானை வயிறு போலப் புடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேலே அவள் உழைத்த உழைப்பு, வரிசை, நிறம் எல்லாம் மறைந்துபோயிருந்தன. பட்டையும் நாலு எறும்பும்தான் தெரிந்தன.

அப்படியே உட்கார்ந்து யோசித்தாள். இத்தனை நாளும் கத்தினவர்கள் யார்? குரங்கு, அணில், மயில், மைனா. எல்லாரும் ஏறத் தெரிந்தவர்கள், இல்லாவிட்டால் பறக்கத் தெரிந்தவர்கள். முயல் வந்து ஒரு குறை சொல்லியிருக்கிறதா? சருகுமான்? சொல்லவில்லை. குறை இல்லாததால் சொல்லவில்லை என்று அல்லவா அவள் நிம்மதியாக இருந்தாள்.

மறுநாள் காலை மறுபடியும் டொக்கு டொக்கு கேட்டது. இந்த முறை தரைமட்டத்தில். புடைத்த வேர்களுக்கு நடுவே அகலமாக, தாழ்வாக, வாசல் படி இல்லாத பொந்துகள். மேல் வரிசைகளிலிருந்து ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் எடுத்துவந்து கீழே வைத்தாள். அலகு வலித்தது. பொன்னுரங்கம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்,” என்றாள் கனகவல்லி.

வீராச்சாமி வந்தான். பார்த்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டான். “முதல் வரிசையில எல்லாக் காயும் இருந்துது. இப்போ பாதிதான் இருக்கு. இப்பத்தான் பழகினோம், அதுக்குள்ள ஏன் மாத்தறாங்க?”

“வா, உட்காரு,” என்றாள் கனகவல்லி. “சாயங்காலம் வரைக்கும் கத்து. நடுவில தண்ணி வேணும்னா குளத்துல குடிச்சுக்கோ.”

அவன் கத்தினான். அவள் வேலையைப் பார்த்தாள். மதியத்துக்குள் முயல் ஒன்று எட்டிப் பார்த்தது, வேர்ப் பொந்திலிருந்து ஒரு புல்குகையை இழுத்துக்கொண்டு பாறைக்கு ஓடியது. அதன் பின்னால் சருகுமான். பாறைப் பக்கம் நெடுநாளைக்கப்புறம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கனகவல்லி அதைக் கேட்டாள். ஆனால் அவள் எதிர்பார்த்த கழுத்து மட்டும் புதருக்குள்ளிருந்து நீளவில்லை.

வெயில் தாழ்ந்ததும் குளத்து விளிம்புக்குப் போனாள். அல்லி இலைகள் அசையாமல் கிடந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவளுக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை.

“அம்மாசி அண்ணே, நான்தான் கனகவல்லி. பொந்தைக் கீழே இறக்கியிருக்கேன். எட்டும்னு நான் சொல்றதுல அர்த்தமில்லை, மேலே இருந்தப்பவும் அப்படித்தான் சொன்னேன். நீங்க ஒரு தரம் வந்து கழுத்தை நீட்டிப் பார்த்துச் சொல்லுங்க. சரியில்லேன்னா நல்லாத் திட்டுங்க, கேட்டுக்கறேன். வாங்கண்ணே.”

தண்ணீரில் ஒரு குமிழி வந்து உடைந்தது. மீனாகவும் இருக்கலாம். கனகவல்லி காத்திருந்தாள்.

எதையும் மாற்றி அமைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கத்துகிறவர்கள் நாளைக்கும் வந்து கத்துவார்கள், பேசாமல் திரும்பிப் போனவரைத்தான் முதலில் தேட வேண்டும்.