வயிற்றுக் கிருமி வாலை விட்ட கதை

அந்தக் காலத்தில் புல் பூண்டு தொடங்கி கண்ணுக்கே தெரியாத கிருமி வரை எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது. அப்போது நல்ல கிருமிகளின் கூட்டமொன்று அருகம்புல்லில் குடியிருந்தது. இனிப்பைத் தின்று புளிப்பாக்குவதுதான் அவர்கள் பிழைப்பு. ஒவ்வொருவருக்கும் பின்னால் நீண்ட வால் இருந்தது. அதைச் சுழற்றித்தான் நீந்துவார்கள். வால் இருக்கும்வரை எங்கே போனாலும் வீடு திரும்பிவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

அவர்களில் ஒருத்தி புளிச்சி. அவளுக்கு ஒரே மகள், பெயர் சுழலி. கிருமிகள் பிள்ளை பெறுவது நம்மைப் போல அல்ல, தன்னையே இரண்டாகப் பிளந்துதான் பெறவேண்டும். அப்படிப் பெற்ற மகளை அதட்ட மனசு வருமா? புளிச்சி கொடுத்த செல்லம் கொஞ்சநஞ்சமல்ல.

விடியும் நேரத்தில் புல்நுனிப் பனித்துளிக்குள் வால் பந்தயம் விடுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் அடித்தண்டுக்கு இறங்கிவிட வேண்டும். பிறகு முயல் மேய வரும். முயலின் வாய்க்குள் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

ஒரு நாள் எல்லோரும் இறங்கிய பிறகும் சுழலி துளியை விட்டு வரவில்லை.

"அம்மா, இன்னும் ஒரே ஒரு சுத்து!"

புளிச்சி வானத்தைப் பார்த்தாள். வெளிச்சம் நன்றாக ஏறிவிட்டது. ஆனாலும் மகளின் முகம் வாடப் பொறுக்காமல், "சரி, சட்டுனு முடிச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டாள். பக்கத்து இலை நுரைச்சியும், "நானும் துணைக்கு இருக்கேன்டி" என்று நின்றுகொண்டாள்.

பாதிச் சுற்றில் நிழல் விழுந்தது. அடுத்த நொடி புல் அறுந்து, மூவரும் முயலின் வாய்க்குள் கிடந்தார்கள்.

ஒரே இருட்டு. எங்கிருந்தோ முயலின் நெஞ்சு திக்திக்கென்று அடிக்கும் சத்தம். வழுக்கிக்கொண்டு போய் ஒரு புளிப்புக் குளத்தில் விழுந்தார்கள். அது அவர்கள் ஆக்கும் புளிப்பு அல்ல, உடம்பையே கரைக்கும் புளிப்பு. கூட விழுந்த சிற்றுயிர்கள் கத்திக்கொண்டே கரைந்து போயின.

"உடம்புக்குள்ள வர்ற புளிப்பை வெளிய தள்ளுங்க! தள்ளிக்கிட்டே இருங்க!" என்று புளிச்சி அலறினாள். ஓட்டைப் படகிலிருந்து தண்ணீர் இறைப்பதுபோல மூவரும் புளிப்பை இறைத்து இறைத்துத் தள்ளினார்கள். அரை உயிராய்க் குடலுக்குள் போய்ச் சேர்ந்தால், அங்கே பச்சையாய்க் கசப்புத் தண்ணீர் கொட்டி மேல்தோலை உரித்தது. பின்னாலேயே அரைபட்ட புல் வெள்ளமாய் வந்தது. புளிச்சி மகளை இழுத்துக்கொண்டு குடல்சுவரில் மோதினாள்.

"யாரு?" என்றது சுவர். "வாலோட வந்திருக்கீங்களா? போச்சு! வாலைத் தடவிப் பார்த்துத்தான் முயலோட காவக்காரங்க விழுங்குவாங்க."

"எல்லாம் பொய்! இந்த வெள்ளம் வெளியிலதான் போகும். வால் இருக்கு, நான் வீட்டுக்குப் போறேன்" என்று நுரைச்சி துள்ளி நீந்தினாள். நாலு வால் நீளம் கூடப் போகவில்லை. வெள்ளையாய், கண்ணில்லாத ஒரு பெரிய உருவம் ஊர்ந்து வந்து அவள் வாலைத் தடவியது. தடவி, அப்படியே மூடிக்கொண்டது. நுரைச்சியின் சத்தம் நின்றுவிட்டது.

இன்னும் இரண்டு உருவங்கள் இவர்கள் பக்கம் திரும்பின.

புளிச்சி தன் வாலைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தெறிந்தாள். பிறகு மகளின் வாலைப் பிடித்தாள்.

"வேண்டாம்மா! வால் இல்லாம எப்படிம்மா வீட்டுக்குப் போறது?"

"வீடு இனிமே இல்லடி கண்ணு" என்று அழுதுகொண்டே பிய்த்தாள்.

காவல்காரர்கள் வந்தார்கள். தாயைத் தடவினார்கள். மகளைத் தடவினார்கள். மறுபடியும் தடவினார்கள். வால் அகப்படவில்லை. மெல்ல ஊர்ந்து போய்விட்டார்கள். சுவர் கொஞ்சம் கொழகொழப்பைச் சுரந்து, "இதைப் பிடிச்சுக்கோங்க. முயலுக்குச் செரிக்காததைத் தின்னுட்டுப் புளிப்பாக்கிக் கொடுங்க. அந்தப் புளிப்புக்குக் கெட்ட கிருமிங்க அண்டாது" என்றது.

உயிர் பிழைத்தார்கள். ஆனால் சுழலி அதன்பிறகு தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "நான்தான் சரின்னு சொன்னேன், நான்தான் பாவி" என்று புளிச்சி எத்தனையோ முறை சொன்னாள். காலம் வந்தபோது சுழலியும் பிளந்து பெற்றாள். பிள்ளைகள் வால் இல்லாமலே பிறந்தன. தாய் பேசாததால் அவையும் பேசக் கற்கவில்லை.

அடுத்த வெள்ளம் இரைந்துகொண்டு வந்தது. பயத்தில் புளிச்சியின் பிடி நழுவியது. சுழலி ஒரு கையால் சுவரையும் மறு கையால் தாயையும் இறுகப் பிடித்தாள். அப்போதும் பேசவில்லை, விடவும் இல்லை.

அன்று முதல்தான் வயிற்றுக்குள் வாழும் அந்த நல்ல கிருமிகளுக்கு வாலும் இல்லை, பேச்சும் இல்லை. வெளியே வந்தால் பிழைக்கத் தெரியாமல், உள்ளேயே ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன.