பாதிக் குளத்து அல்லி

மடத்துக் குருவிடம் வந்து சேர்ந்தபோது காத்தமுத்துவுக்கு வயது அறுபத்திரண்டு. குரு அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

உப்பளத் தொழிலாளருக்காக முப்பது ஆண்டு கொடி பிடித்தவர் காத்தமுத்து. ஏழு முறை சிறை போனார். கூலி உயர்ந்தது. நன்றி என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அது அவருக்குள் முள்ளாகக் கிடந்தது.

அந்தக் கோடையில் மடத்துக் குளம் பாதியாக வற்றியது. ஊரே குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். நீர் முழுக்க அல்லி இலை. வெள்ளைப் பூக்கள் காலை வெயிலில் மெல்லக் கூம்பிக்கொண்டிருந்தன. காத்தமுத்து குருவுக்குக் குளத்தைக் காட்டினார்.

"பாருங்கள், ஐயா. மேலே இலை கால் நீட்டிப் படுத்திருக்கிறது. கீழே மீனுக்கு வெளிச்சம் இல்லை. ஊர்த் தண்ணீரை உறிஞ்சிப் பூ வேறு பூக்கிறது. மிராசுதார் என்றால் இதுதான் மிராசுதார்."

"என்ன செய்யலாம், தோழரே?"

"வேரோடு பிடுங்க வேண்டும்."

குரு குளத்தின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினார்.

"கிழக்குப் பாதி உங்களுடையது."

மூன்று நாள் காத்தமுத்து சேற்றில் நின்று பிடுங்கினார். கிழக்கே நீரில் வானம் தெரிந்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

இருபது நாளில் அந்தத் தண்ணீர் சூடேறிப் பச்சையானது. மீன்கள் வாயைத் திறந்தபடி மேலே வந்தன. சில மிதந்தன. மற்றவை கயிற்றுக்கு அப்பால் போய் இலைகளுக்கு அடியில் ஒதுங்கின.

தண்ணீர் எடுக்க ஊர்க்காரி அஞ்சலை குடத்தோடு வந்தாள்.

"தலைவரே, உங்க பக்கத்துத் தண்ணியில கீரையே போடாம கீரைக் குழம்பு வைக்கலாம் போலிருக்கே!"

சிரித்துக்கொண்டே மேற்கே போய், இலைகளை விலக்கிக் குடத்தை அமிழ்த்தினாள்.

அவள் போனபின் காத்தமுத்து அங்கே குனிந்தார். நீண்ட விரல்களை இலைமேல் ஊன்றி ஒரு நீர்க்கோழி பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. இலைக்கு அடியில் கைவிட்டார். தண்ணீர் குளிர்ந்திருந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தார்.

பிறகு குருவிடம் வந்தார்.

"இத்தனை நாள் அல்லியின் நிழலைத்தான் குடித்திருக்கிறோம். ஊருக்கு நல்லது செய்யப் போய் ஊர்த் தண்ணீரைக் கெடுத்தேன். நான் புறப்படுகிறேன், ஐயா."

குரு அவரைச் சமையற்கட்டின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஈரச் சாக்குகள். ஒன்றைப் பிரித்தார். சேற்றுக்குள் அல்லிக் கிழங்குகள், சிவந்த முளையோடு.

"நீங்கள் பிடுங்கி எறிந்தவை. அன்றன்று மாலை பொறுக்கி வைத்தேன்."

"நான் தவறு செய்கிறேன் என்று தெரிந்தே விட்டீர்களா?"

"தெரியாது. நீங்கள் சொன்னது சரியாக இருந்தால் அவித்துத் தின்னலாம் என்று வைத்தேன்."

காத்தமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது.

"அந்தப் பூவுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன், ஐயா?"

குரு சாக்கின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அது அதற்காகக் காத்திருக்கவில்லை, தோழரே. அந்தப் பக்கம் பிடியுங்கள். கிழங்கு காய்கிறது."