ஒன்பது ஓட்டைச் சீட்டு

கல்லடிக் காட்டில் மழை பொய்த்த வருடம் அது. குளங்கள் காய்ந்தன. ஓடை மணலாகிப் போனது. பாறைக்கு அடியில் ஒரே ஒரு சுனை மட்டும் ஊறிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு இருநூறு பேர் குடிக்கலாம். அதற்கு மேல் சேறுதான்.

விடிந்ததும் யானை முதலில் போகும். அதன் பின்னால் எருமைகள். அவற்றுக்குப் பின்னால் வரிசை என்று ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள், பார்த்தவர் யாருமில்லை. ஒருநாள் நெரிசலில் கீரியின் கால் முறிந்தது. சிங்கராஜா ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவித்த பிறகும் நெரிசல் குறையாததால் சபையைக் கூட்டினார்.

"இனி ஆளுக்கு ஒரு சீட்டு. அதில் எண் இருக்கும். எண்படி தண்ணீர். கிழித்துக் கொடுக்க ஆள் போட்டால், அவன் தன் மச்சானுக்கு முதல் சீட்டைக் கொடுப்பான். ஆகவே அவரவரே இழுத்துக் கிழித்துக்கொள்ளும்படி ஒரு பெட்டி வேண்டும். யார் செய்வது?"

எல்லோரும் கொண்டையன் என்ற மரங்கொத்தியைப் பார்த்தார்கள். கோடு போட்டாற்போல் ஓட்டை கொத்த அந்தக் காட்டில் வேறு அலகு கிடையாது.

"செய்கிறேன் ராஜா. பத்து நாள் வேண்டும்."

"எடுத்துக்கொள். ஆனால் திறப்பு விழாவில் சொதப்பினால், நீ குடியிருக்கும் இலவ மரத்தைக் காலி செய்துவிட்டுக் காட்டை விட்டே போக வேண்டும்."

கொண்டையன் தன் மரத்தைத் திரும்பிப் பார்த்தான். இலவ மரப் பொந்தில் இன்னும் இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள் இருந்தன.

பெட்டியை மேற்பார்வையிட ஒரு குழுவும் போடப்பட்டது. தலைவர் மந்திரி நரி. உறுப்பினர்கள் மயில், குரங்கு. மூவருக்கும் அரசாங்க வேலை அதிகம் என்பதால், பாறைக்குப் பின்புறம் சுனைக்குத் தனிப் பாதை உண்டு.

கொண்டையன் வேலையைத் தொடங்கினான். குளவிகள் கூடு கட்ட மரத்தை மென்று காகிதம் செய்யும் அல்லவா? அவற்றிடம் கெஞ்சி நீளமாக ஒரு காகிதப் பட்டை வாங்கினான். அதைச் சுருட்டி மூங்கில் குழாய்க்குள் வைத்தான். ஒரு முனையைக் கீழே பிளவு வழியாக வெளியே விட்டான். சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே ஓட்டைகளை வரிசையாகக் கொத்தினான்.

ஐந்து ஓட்டை போட்டால் கிழியவில்லை. பட்டை முழுதும் கூடவே வந்தது. பதினைந்து போட்டால் காற்றடித்தாலே உதிர்ந்தது. ஒன்பது போட்டபோது சரக்கென்று ஒரே சீட்டு கையோடு வந்தது. சுருள் தறிகெட்டு ஓடாமல் இருக்க, அதன்மேல் ஒரு மரப்பட்டையை அழுத்தி வைத்தான்.

பிறகு வரிசையில் நிற்பவர்களையே கூப்பிட்டு இழுக்கச் சொன்னான். அணில் இழுத்தது, வந்தது. மான் பல்லால் கவ்வி இழுத்தது. எச்சிலில் சீட்டு ஊறிக் கூழானது.

"எனக்குக் கையா இருக்கிறது? என்னை ஏன் முறைக்கிறாய்?" என்றது மான்.

"உன்னை முறைக்கவில்லை அக்கா, என்னை முறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கொண்டையன் சீட்டுக்குத் தேன்மெழுகு பூசினான். மான் மறுபடி இழுத்தது. முழுச் சீட்டு வந்தது.

எட்டாம் நாள் குழு வந்தது.

"சீட்டில் ஓட்டையா?" என்றது நரி. "ராஜாவின் எண் அச்சிட்ட சீட்டு. ஒன்பது ஓட்டையோடு இருந்தால் அரசாங்கமே ஓட்டை என்று பேசுவார்கள். நான்கு போதும்."

"நான்கு போட்டால் கிழியாது, மந்திரியாரே."

"பலமான சீட்டு, பலமான அரசு. எழுதிக்கொள், குரங்கே."

குரங்கு எழுதிக்கொண்டது. பிறகு குழாய்க்குள் எட்டிப் பார்த்தது. "இந்த மரப்பட்டை எதற்கு? வழவழவென்று ஓடினால்தானே வேகம்? எடுத்துவிடு."

மயிலுக்கு மெழுகின் மஞ்சள் நிறம் பிடிக்கவில்லை. மெழுகுக்குப் பதிலாகத் தன் கழுத்துக்குப் பொருத்தமாக நீலச் சாயம் பூசச் சொன்னது.

"சரி, ஒருமுறை நீங்களே இழுத்துப் பாருங்கள்" என்றான் கொண்டையன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்கள் எதற்கு இழுக்க வேண்டும்? நாங்கள்தான் வரிசையில் நிற்பதில்லையே" என்றது மயில், உண்மையாகவே புரியாமல்.

குழு சொன்னபடியே பெட்டி திருத்தப்பட்டுத் திறப்பு விழா நடந்தது. நரி ஒரு நாழிகை பேசியது. மயில் ஆடியது. தாகத்தில் நாக்குத் தொங்கிய கூட்டம் இரண்டையும் பொறுத்துக்கொண்டது.

முதலில் காட்டுப்பன்றி வந்தது. சீட்டின் முனையைக் கவ்வி இழுத்தது. நான்கு ஓட்டை கிழியவில்லை. தடுக்க மரப்பட்டை இல்லாததால் சுருள் வழவழவென்று ஓடியது. குரங்கு கேட்ட வேகம் கிடைத்துவிட்டது. ஒன்று முதல் இருநூறு வரை அத்தனை சீட்டும் பன்றியின் கழுத்தில் மாலையாக விழுந்தன. பன்றியின் மோவாய் நீலமாகியிருந்தது.

"சீட்டு தீர்ந்தது" என்று குரங்கு அறிவித்தது.

"அப்படியென்றால் எங்களுக்கு?" என்று மான் கேட்டது.

"விதிப்படி, சீட்டு உள்ளவருக்கே தண்ணீர்" என்றது நரி. "பன்றியார் இருநூறு முறை குடிக்கலாம்."

"என்னால் மூன்று முறைதான் முடியும்" என்றது பன்றி, நேர்மையாக.

கூட்டம் உறுமியது. ராஜா எழுந்தார். "யார் செய்த பெட்டி இது?"

"கொண்டையன்" என்று குழு ஒரே குரலில் சொன்னது. பத்து நாளில் அவர்கள் மூவரும் ஒத்துப்போன முதல் உண்மை அது.

"மரத்தைக் காலி செய்" என்றார் ராஜா.

கொண்டையன் குஞ்சுகளை நினைத்தான். அழுது பயனில்லை என்பது அவனுக்குத் தெரியும். கீரி அழுததையும் பார்த்தவன்தான். "போகிறேன் ராஜா. நான் சோதித்துச் செய்த பெட்டியைக் குழு திருத்தியது. திருத்தம் நல்லதா என்று தெரிந்துகொண்டு போகிறேன். இதே போல் இன்னொரு சுருள் போடுங்கள். நாளை முதல் குழுவினரும் இதில் சீட்டு எடுத்தால்தான் தண்ணீர் என்று சொல்லுங்கள். மற்றவர்கள் பழையபடி குடிக்கட்டும். மூன்று நாள் போதும்."

"அதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது" என்று நரி பதறியது.

மந்திரி பதறுவதை ராஜா அதுவரை பார்த்ததில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது. "ஒத்துவரும்" என்றார். பின்பாதையில் முள் போடப்பட்டது.

முதல் நாள் நரி இழுத்தது. ஓட்டையில் கிழியாமல் நடுவில் கிழிந்து பாதிச் சீட்டுதான் வந்தது. பாதி எண்ணுக்குத் தண்ணீர் கிடையாது என்று வாசலில் நின்ற எருமை சொல்லிவிட்டது. விதி எழுதியது நரிதான். இரண்டாம் நாள் குரங்கு சுருளுக்குள் சிக்கிக்கொண்டது. மயில் நீலமான அலகோடு மூலையில் உட்கார்ந்துவிட்டது. ஆடச் சொல்ல யாருமில்லை.

மூன்றாம் நாள் விடியுமுன்பே மூவரும் இலவ மரத்தடியில் நின்றார்கள்.

"கொண்டையா, தம்பி, அந்த ஒன்பது ஓட்டை..." என்று இழுத்தது நரி.

"அரசாங்கமே ஓட்டை என்று பேசுவார்களே, மந்திரியாரே."

"பேசட்டும்பா. தொண்டை ஒட்டிக்கொள்கிறது."

அன்று மதியமே ஒன்பது ஓட்டையும் மரப்பட்டையும் மெழுகும் திரும்பி வந்தன. மான் இழுத்தது, அணில் இழுத்தது, பன்றி இழுத்தது. ஆளுக்கு ஒரு சீட்டு. நொண்டிக் கீரி பதினோராம் எண்ணோடு யானைக்கு முன்னால் நின்று குடித்தது. யானை காத்திருந்தது.

குழுவின் இடைவிடாத ஆய்வின் பயனாக ஒன்பது ஓட்டை கண்டறியப்பட்டதாக நரி அறிக்கை எழுதியது. கொண்டையன் அதைப் படிக்கவில்லை. மரம் அவனுடையதாகவே இருந்தது. முப்பத்தேழாம் சீட்டை அலகில் கவ்வியபடி, குஞ்சுகளுக்குத் தண்ணீர் எடுக்க முயலின் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

வரிசையில் நிற்காதவர் வரிசைக்குச் செய்யும் ஒழுங்கு, நிற்பவரின் தாகத்தைத் தீர்க்காது.