ஞானம் பஸ்ல போகுது

குருன்னா தாடி இருக்கணும், மரத்தடி இருக்கணும், பக்கத்துல ஒரு கமண்டலம் இருக்கணும். நம்ம குருவுக்கு மூணும் கிடையாது. கோவில்பட்டியில ஒரு மாவு மில்லு, மில்லு ஓரமா ஒரு ஓட்டைக் காரு. அவ்வளவுதான் ஆசிரமம். பேரு குருவம்மா. பட்டம் பேருலயே இருக்கிறதால தனியா தீட்சை ஒண்ணும் வாங்கல.

குருவுக்கு வயசு நாப்பத்திரண்டு. சீடன் சவரிமுத்துக்கு அறுபத்தொண்ணு. தாலுகா ஆபீஸ்ல ஹெட்கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவரு.

ரிட்டயர்டு ஆன மறுவாரமே ஒரு பழைய காரை வாங்கிட்டாரு. அவரு பொறந்து ரெண்டு வருசம் கழிச்சுப் பொறந்த வண்டி. மூக்கு உருண்டை, பின்பக்கம் தூக்கல். அதை ஓட்டுன நேரத்தை விட, அதுக்கு அடியில படுத்துக்கிடந்த நேரம்தான் ஜாஸ்தி. வீட்டுக்கு வர்றவங்க அவரு முகத்தைப் பாத்துப் பேசி ரொம்ப நாளாச்சு. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற செருப்பைப் பாத்துத்தான் பேசுவாங்க.

அடியில இருந்தே கருத்தும் வரும்.

"இப்ப வர்றதெல்லாம் காரா? நம்ம ஊரு தீப்பெட்டி. சைக்கிள் மோதுனாச் சப்பிரும். இது இரும்பு. இதுல மோதுனா சைக்கிள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

செருப்பு ரெண்டும் தலையாட்டுற மாதிரி ஆடும்.

குருவம்மா வச்சிருக்கிறதும் அதே காலத்து வண்டிதான். ஒரு கதவைக் கயித்துல கட்டியிருக்கும். ஓடும்போது பாத்திரக்கடையைக் காலி பண்ணிக் கொண்டுபோற மாதிரி இருக்கும். ஆனா பதிமூணு வருசமா மிளகா மூட்டையும் மல்லி மூட்டையும் ஏத்திக்கிட்டுத் தினம் எட்டயபுரம் போய்ட்டு வருது. ஒரு நாள் வழியில நின்னதில்ல. அதுக்காகத்தான் சவரிமுத்து சீடனாச் சேந்தாரு. சேத்துக்கிட்டேன்னு குரு இன்னைய வரைக்கும் சொல்லல. அது வேற விசயம்.

ஒரு செவ்வாக்கிழமை காலையில, மில்லு வாசல்ல காரை நிறுத்திட்டு உள்ள வந்தாரு சவரிமுத்து. கக்கத்துல ஒரு நீள நோட்டு. மொகம் வாடிப்போய் இருந்துச்சு.

"தாயி, ஞானம் வர மாட்டேங்குது."

மிளகா அரைக்க நின்ன பொம்பளைங்க நாலு பேரும் திரும்பிப் பாத்தாங்க. அறுபது வயசு தாண்டுன மனுசன் நடுக் கடைத்தெருவுல வந்து இப்பிடி ஒத்துக்கிட்டா யாருதான் பாக்க மாட்டாங்க.

ஞானம்ங்கிறது அவரு சம்சாரம். ஞானம்மாள்னு முழுப்பேரு. சம்சாரத்தை அது, வருது, போகுதுன்னுதான் சொல்லுவாரு. அந்தக் காலத்து ஆளு.

"எங்க வர மாட்டேங்குது?" குருவம்மா மில்லுல மிளகாயைக் கொட்டிக்கிட்டே கேட்டுச்சு.

"கார்லதான். அஞ்சு மாசமாச்சு, ஏறி உக்காந்து."

"ஏனாம்?"

"ஒரே ஒரு தடவை ரயில்வே கேட்டுல வண்டி நின்னுபோச்சு. இறங்கித் தள்ளுன்னேன். தள்ளுச்சு. ஸ்டார்ட் ஆயிருச்சு. முடிஞ்சுபோன சங்கதி. அன்னைல இருந்து எங்க போனாலும் பஸ்தான்."

"என்ன சேலை கட்டியிருந்தாங்க?"

"பட்டு. ஏன், பட்டு கட்டுனாத் தள்ள வராதா?"

மிளகாக் கூட்டத்துல ஒருத்தி தொண்டையைச் செருமுனா.

ஞாயித்துக்கிழமை ஆனா, சர்ச்சுப் பூசைக்குப் போற பஸ்ல முன்னாடி ஞானம்மா உக்காந்து போகும். பின்னாடியே சவரிமுத்து கார்ல போவாரு. பஸ் நின்னா இவரும் நிப்பாரு. பஸ் கெளம்புனா கெளம்புவாரு. கடைசி சீட்டுல இருக்கிற பிள்ளைங்க கண்ணாடி வழியா அவருக்கு டாட்டா காட்டும். பாதி வழியில கார் நின்னா கண்டக்டர் முன்னாடி வந்து, "யம்மா, உங்க வீட்டுக்காரரு நின்னுட்டாரு"ன்னு சொல்லுவாரு. "அவரு வந்துருவாரு, நீங்க போங்க"ன்னு ஞானம்மா ரோசரியை உருட்டும்.

இதுவரைக்கும் ஊரு சிரிச்சுச்சு, பொறுத்துக்கிட்டாரு. இப்ப வேற பிரச்சினை.

"அடுத்த வியாழக்கிழமை விட்டு அதுக்கு அடுத்த வியாழக்கிழமை, திருநெல்வேலியில கொழுந்தியா மகளுக்குக் கல்யாணம். நீங்க கார்ல வாங்க, நான் பஸ்ல வாறேன்னு சொல்லிருச்சு. நெனச்சுப் பாரு தாயி. சொந்தக்காரன் அம்புட்டுப் பேரும் மண்டப வாசல்ல நிப்பான். அது வேற வந்து எறங்கும், நான் வேற வந்து எறங்குவேன். என் சகலை சிரிப்பான். அவன்கிட்ட இருக்கிறது தீப்பெட்டிக் காருதான். ஆனா அதுல என் கொழுந்தியா உக்காந்திருக்கா."

குருவம்மா மில்லை நிறுத்திருச்சு.

"வண்டியில குறை ஒண்ணும் கிடையாது. இந்தா, நீயே பாரு." நோட்டை நீட்டுனாரு.

உள்ள கோடு போட்டு நாலு கட்டம். தேதி, சத்தம், இடம், எடுத்த நடவடிக்கை. ஆபீஸை விட்டு வந்தாலும் ஆபீஸ் அவரை விடல. 'கிணுகிணு. பின் டிக்கி. ஸ்டெப்னி நட்டு முடுக்கப்பட்டது.' 'டொக். வலது பின்சக்கரம். டிபன் பாக்ஸ் மூடி எனக் கண்டறியப்பட்டு அகற்றப்பட்டது.'

குருவம்மா விரலை வச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சுச்சு. ஒரு இடத்துல விரல் நின்னுச்சு. பக்கத்தைத் திருப்புச்சு. அங்கயும் நின்னுச்சு.

"இது என்ன அண்ணாச்சி, பக்கத்துக்குப் பக்கம் 'உஸ்'ஸுன்னு போட்டிருக்கு?"

சவரிமுத்து மொகம் பளிச்சுன்னு ஆயிருச்சு.

"அதுதான் தாயி என் சாதனை. எட்டு மாசம் உசுரை வாங்குன சத்தம். இடது பக்கம், முன் சீட்டுக்கிட்ட இருந்து வரும். முன்சக்கரத்துப் பேரிங் மாத்துனேன், போகல. ஷாக் மாத்துனேன், போகல. காத்து பூருற சத்தமா இருக்கும்னு கதவுக்கு ரப்பர் மாத்துனேன், போகல. கடைசியில இடது சீட்டைக் கழட்டி, ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டேன். அன்னையோட நின்னுபோச்சு. இன்னைய வரைக்கும் வரல."

"என்னைக்கு எண்ணெய் விட்டீங்க?"

"மார்ச் மூணு. மத்தியானம்."

"ரயில்வே கேட்டுல தள்ளுனது?"

அவரு நோட்டைப் பாத்தாரு. "அதுவும் மார்ச் மூணுதான். காலையில."

"இந்த உஸ்ஸு எந்நேரமும் வருமா?"

"இல்ல தாயி, அதான் அதிசயம். நான் வண்டியைப் பத்தி ஏதாச்சும் விளக்கமாச் சொல்லிக்கிட்டு இருப்பேன் பாரு, கரெக்டா அந்த நேரத்துல வரும்."

மிளகா அரைக்க வந்தவங்க நாலு பேரும் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாங்க. மிளகா நெடி போலன்னு சவரிமுத்து நெனச்சுக்கிட்டாரு.

குருவம்மா சிரிக்கல. வெளிய போச்சு. அவரு கார் பானட்டைத் தூக்குச்சு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, உள்ள இருந்து ரோட்டரைப் புடுங்குச்சு. கட்டைவிரல் தண்டிக்கு ஒரு கருப்புச் சாமான். அது இல்லேன்னா பிளக்குக்குக் கரண்டு போகாது, காரு வெறும் பீரோ. அதை முந்தியில வச்சு முடிஞ்சுக்கிட்டு பானட்டைச் சாத்திருச்சு.

சவரிமுத்து பின்னாடியே ஓடிவந்தாரு.

"தாயி, அது இல்லாம வண்டி ஓடாதே."

"ஓடாது."

"பின்ன எதுக்குக் கழட்டுன?"

"ஓடக்கூடாதுன்னுதான்."

"ஞாயித்துக்கிழமை நான் எப்பிடிப் பூசைக்குப் போவேன்?"

"ஞானம் எப்பிடிப் போகுதோ அப்பிடிப் போங்க."

"வண்டி?"

"இங்கயே நிக்கட்டும். பானட்டு நல்லாச் சுடுது. மல்லி காயப்போடலாம்."

குரு சொன்னா மறுத்துப் பேசக்கூடாதுல்லா. பேசிப் பாத்தாரு, மில்லு சத்தத்துல அது குருவுக்குக் கேக்கல.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. ஞானம்மா பஸ்ல ஏறுச்சு, பின்னாடியே சவரிமுத்தும் ஏறுனாரு. கண்டக்டர் ஒரு நிமிசம் அவரையே பாத்தாரு.

"என்ன சார், இன்னைக்கு உள்ள வந்துட்டீங்க?"

ரெண்டு பேர் சீட்டு. ஞானம்மா ஜன்னலோரம், இடது பக்கம். சவரிமுத்து பக்கத்துல. கைக்கு ஸ்டியரிங் இல்லாம என்ன செய்யன்னு தெரியல, தொடை மேல வச்சுக்கிட்டாரு. ரெண்டு ஸ்டாப் வரைக்கும் சும்மா இருந்தாரு. அதுக்கு மேல முடியல.

"கேட்டியா அந்தச் சத்தத்தை? கிளச்சை முழுசா மிதிக்காம கியர் போடுறான். ரெண்டாவது கியர்ல பல்லு பூராத் தேஞ்சிருக்கும். என் கையில மட்டும் குடுத்தா..."

"உஸ்."

சவரிமுத்து பேச்சு அப்பிடியே நின்னுபோச்சு. அதே சத்தம். இடது பக்கம். மெள்ளக் குனிஞ்சு சீட்டுக்கு அடியில பாத்தாரு.

"என்ன சார், ஏதும் விழுந்துருச்சா?" கண்டக்டர் கேட்டாரு.

"இல்லப்பா. ஒரு சத்தம்."

நிமிந்து உக்காந்தாரு. இது பஸ்ஸு. இதுல பேரிங் வேற, ஸ்பிரிங்கு வேற. பழைய ஹெட்கிளார்க்கு இல்லையா, ரெண்டாவது தடவை சரிபாக்காம ஒண்ணை ஒத்துக்கிட மாட்டாரு. தொண்டையைச் சரிபண்ணிக்கிட்டாரு.

"முன்னாடியெல்லாம் பஸ்ஸுக்கு உள்பாடி தேக்குலதான் கட்டுவாங்க. அது என்ன விசயம்னா..."

"உஸ்."

இந்தத் தடவை சீட்டுக்கு அடியில பாக்கல. ஞானம்மா மொகத்தைப் பாத்தாரு. ஒரு ஜோடி பேரிங்கு, ரெண்டு ஷாக்கு, ஒரு டோர் ரப்பர். எல்லாம் அவரு கண்ணு முன்னாடி வரிசையாப் போச்சு.

"ஞானம்."

"ம்."

"உஸ்ஸுன்னியே."

"அது எப்பவும் விடுறதுதான."

"எதுக்கு?"

ஞானம்மா அவரு நெத்தியில கையை வச்சுப் பாத்துச்சு. காச்சல் இல்ல. அப்புறம் ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே சொல்லுச்சு.

"கேட்டுல தள்ளுனது எனக்குப் பெருசில்லீங்க."

"பின்ன?"

"ஸ்டார்ட் ஆனதும் நிக்காமப் போய்ட்டீங்கள்ல."

"நிறுத்துனா ஆஃப் ஆயிரும்லா."

"வீடு வரைக்குமா?"

சவரிமுத்து முன் சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாரு.

"நான் ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வாறேன். நீங்க இடது சீட்டைக் கழட்டிக்கிட்டுக் கெடக்கீங்க, செருப்பு மட்டும் வெளிய தெரியுது. நான் வந்துட்டேங்கன்னு செருப்பைப் பாத்துச் சொன்னேன். பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுன்னீங்க."

"எடுத்தியா?"

"எடுத்துக் குடுத்தேன்."

பஸ்ஸு ஒரு பள்ளத்துல விழுந்து எந்திரிச்சுச்சு. சவரிமுத்து அதுக்கு ஒரு கருத்தும் சொல்லல. ஞானம்மா பல்லைக் கடிச்சு முழங்கால் முட்டைப் பிடிச்சுக்கிச்சு.

"என்ன முட்டுல?"

"வலிதான். கார் சீட்டு பள்ளம்லா, உக்காந்து எந்திரிச்சா உசுரு போகும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமாச்சு."

"சொல்லவே இல்லையே."

"உஸ்ஸுன்னேன்லா."

பூசையில சாமியார் என்ன பிரசங்கம் வச்சாருன்னு அன்னைக்கு அவருக்குத் தெரியாது. திரும்பி வரும்போதும் பஸ்தான். அதுக்கடுத்த ஞாயிறும் பஸ்தான். ரோட்டரைக் குடுன்னு கேட்டு மில்லுப் பக்கம் ஒரு தடவை கூட அவரு போகல. இடையில ஒரு நாள் மட்டும் போனாரு. கார்ல இருந்து இடது சீட்டைக் கழட்டித் தலையில தூக்கிக்கிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாரு. மறுநாள் அதுக்கு அடியில ரெண்டு இஞ்ச் பலகை அடிச்சு, கொண்டாந்து மாட்டிட்டுப் போனாரு. குருவம்மா அதைப் பாத்துச்சு. மல்லியைக் கிண்டி விட்டுச்சு.

கல்யாணத்துக்கு முந்துன நாள், புதன்கிழமை, மில்லுல கூட்டம். கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஒரு அம்மா முன்னாடி வந்துச்சு. கையில மிளகாயும் இல்ல, மல்லியும் இல்ல.

"குருவம்மா, எங்க வீட்டுக்காரரு சாமான் ஒண்ணு உங்ககிட்ட இருக்காம்."

"அவரு அனுப்புனாரா?"

"அவருக்குத் தெரியாது. நாளைக்குக் கல்யாணம். பஸ்ல போனா பட்டுச் சேலை கசங்கிரும்."

ஞானம் தானா வந்து நிக்கும்போது குருவுக்கு அங்க என்ன வேலை. முந்தி முடிச்சை அவுத்து ரோட்டரை எடுத்துக் குடுத்துருச்சு. பானட்டுல இருந்த மல்லியையும் தானே வழிச்சு அள்ளிக்கிச்சு.

வெள்ளிக்கிழமை சவரிமுத்து கார்லயே வந்தாரு. மில்லு வாசல்ல ரொம்ப நேரம் தயங்கி நின்னாரு.

"கல்யாணம் எப்பிடி அண்ணாச்சி?"

"நல்லா நடந்துச்சு."

"உங்க சகலை சிரிச்சாரா?"

"நான் கவனிக்கல தாயி. ஞானம் பந்தியைப் பத்தி என்னமோ சொல்லிக்கிட்டு இருந்துச்சு." காதைச் சொறிஞ்சாரு. "ஒரு சந்தேகம் கேக்க வந்தேன். கயத்தாறு தாண்டுனதும் வண்டியில புதுசா ஒரு சத்தம் வந்துச்சு."

"எந்தப் பக்கம்?"

"தெரியல."

"டொக்கா, கிர்ரா?"

"அதும் தெரியல."

"என்ன அண்ணாச்சி, நீங்களா தெரியலங்கிறது?"

"ஞானம் பேசிக்கிட்டே வந்துச்சு தாயி. நடுவுல வண்டியை எப்பிடிக் கேக்க?"

குருவம்மா மில்லு சுவிச்சைப் போட்டுச்சு.

"அப்ப வண்டி சரியாயிருச்சு. எடுத்துட்டுப் போங்க."